வெள்ளாவி அடுப்பும் கொச்சித் தமிழரும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்குப் பிறந்த வீட்டின் கொல்லைப்புறம் என்றவுடன் நினைவில் எழுவன சில உண்டு. கிணற்றடி, தோய்க்கும் கல், வாழை மரம், இவற்றோடு ஓர் ஓரத்தில் புகை படிந்து நிற்கும் வெந்நீர் அடுப்பு. மண்ணும் செங்கல்லும் கொண்டு எழுப்பிய அந்த அடுப்பின்மேல் செப்புத் தவலையோ அண்டாவோ அமர்ந்திருக்கும். தென்னை மட்டையும் பாளையும் கீழே எரியும். தீபாவளி விடியற்காலையில் அந்தத் தவலைக்குப் பொட்டிட்டு வெந்நீர் மொண்டு குளித்த நினைவு, அடுக்குமாடி வீட்டில் மின்சாரக் கருவியின் குழாயைத் திருகுகிறவர்களுக்கும் இன்னும் மறந்திராது. பிற்காலத்தில் நடுவே கரி போடும் குழலோடு கூடிய செப்புப் பாய்லர் வந்தது. அதையும் புகை வீட்டுக்குள் வராதபடி முற்றத்திலோ கொல்லையிலோ வைத்தே மூட்டினோம்.

பனி பெய்யும் நாடுகளில் இதே கருத்து பெரிதாக வளர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வெளியே சிறு கொட்டகையில் விறகு எரியும். அதைச் சுற்றியுள்ள தொட்டியில் நீர் சூடேறும். பூமிக்கடியில் பதித்த குழாய் வழியே அந்நீர் வீட்டுக்குள் சென்று அறைகளுக்குச் சூட்டையும் குளியலறைக்கு வெந்நீரையும் கொடுக்கும். நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை; சூட்டைத் தணிப்பதே நம் கவலை. ஆனால் வீட்டுக்கு வெளியே விறகெரித்து நீரை ஆவியாக்கி அதனிடம் வேலை வாங்கும் கலை தமிழகத்தில் மிகப் பழையது. கொல்லை அடுப்பைவிடப் பன்மடங்கு பெரிய அந்த அடுப்பைச் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி என்றார்கள். வெண்மை தரும் ஆவி என்பது பொருள். அதன் சரித்திரத்தைத் தொடர்ந்து சென்றால் அது நம்மைத் தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே, கொச்சித் துறைமுகத்துக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதலில் வெள்ளாவி எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ அடுப்பு வெட்டி, அதன்மேல் வாயகன்ற பெரிய சால் ஒன்றைப் பதிப்பார்கள். சாலின் விளிம்புவரை மண் பூசி மெழுகிவிடுவார்கள். தீயும் புகையும் துணியைத் தொடக்கூடாது. சாலில் நீர் ஊற்றி அடுப்பை மூட்டுவதற்கு முன்பே, உவர்மண் கரைத்த நீரில் துணிகள் ஊறிப் பிழியப்பட்டு ஆயத்தமாக இருக்கும். அவற்றைச் சாலின் வாயைச் சுற்றி வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். நடுவில் ஆவி ஏறுவதற்கு இடம் விடவேண்டும். அடுக்கு உயர உயரக் குறுகி, கடைசியில் ஒரு சிறு கோபுரம்போல் முடியும். அதன்மேல் தடித்த துணியால் மூடிவிட்டு, மாலையில் தீயை வைத்தால் இரவு நெடுநேரம் எரியும். தீயை ஓங்கவிட்டால் சாலில் நீர் வற்றி அடித்துணி கருகும். அணையவிட்டால் மேல்துணி வேகாது. வேகாத வெள்ளாவி மறுநாள் கல்லில் எவ்வளவு அடித்தாலும் வெளுக்காது. ஆகவே யாரேனும் ஒருவர் விழித்திருந்தே ஆகவேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் வீட்டுப் பெண்ணாகவே இருந்தார்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் ஆவியில் இருக்கிறது. துணியைக் கொதிநீரில் போட்டு வேகவைப்பதைவிட ஆவியில் வைப்பது எளிதா என்றால், விறகுச் செலவில் எளிதன்று. 27 பாகை வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 73 கிலோ கலோரி போதும். கொதித்த அந்நீரை முழுதும் ஆவியாக மாற்றவோ மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். அவ்வளவு வெப்பத்தையும் சுமந்துகொண்டுதான் ஆவி மேலே ஏறுகிறது. குளிர்ந்த துணியில் பட்டதும் அது நீராக மாறித் தான் சுமந்து வந்த வெப்பம் முழுவதையும் அந்த இழையிலேயே இறக்கிவிடுகிறது. கீழ் அடுக்கு சூடேறியபின் அடுத்த அடுக்கு, அதற்குப்பின் அடுத்தது என்று கோபுரத்தின் உச்சிவரை வெப்பம் படி ஏறுகிறது. நூற்றுக்கணக்கான துணிகளை முழுகவைக்கும் அளவுக்குப் பெரிய பாத்திரம் ஏழை வீட்டில் ஏது? ஒரே ஒரு சாலைக் கொண்டு அத்தனை துணியையும் வேகவைத்துவிடலாம் என்பதே வெள்ளாவியின் சாமர்த்தியம்.

உவர்மண்ணின் வேலை வேறு. அதில் உள்ள சோடியம் கார்பனேட் என்னும் காரம் துணியில் படிந்த வியர்வை எண்ணெயோடும் அழுக்குக் கொழுப்போடும் சூட்டில் சேர்ந்து, நீரில் கரையக்கூடிய சவர்க்காரமாக அதை மாற்றிவிடுகிறது. கடையில் சோப்பு வாங்காமல், அழுக்கிலிருந்தே சோப்பைச் செய்துகொள்ளும் வித்தை என்றும் சொல்லலாம். நம் முன்னோர் இதன் இரசாயனத்தை அறியார். ஆனால் எந்த மண் வெளுக்கும் என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஔவையார், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் சலவைப் பெண் நாள்தோறும் வெளுத்துத் தரும் தூய ஆடையைக் குறிப்பிடுகிறார். குடிக்க உதவாத களர்நீர் துணிக்கு உதவியது. குறுந்தொகையின் 330ஆம் பாட்டில், கஞ்சிப் பசையில் தோய்த்த ஆடையை அவள் குளிர்ந்த குளத்தில் இடும் காட்சி வருகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே களரும் கஞ்சியும் இத்தொழிலில் நிலைபெற்றுவிட்டன.

இந்தப் பழந்தொழில்மீது ஐரோப்பிய வணிகர்களின் கண் விழுந்ததில் வியப்பில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து அவர்கள் ஏற்றிச் சென்ற முதற்பெரும் சரக்கே துணிதான். தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாகவும் கஞ்சி ஏறியதாகவும் இருக்கும். வெளுத்தால் அன்றிச் சாயம் ஏறாது, விலையும் ஏறாது. ஆகவே எங்கெல்லாம் கம்பெனிக் கோட்டை எழுந்ததோ அங்கெல்லாம் அதன் நிழலில் சலவைக்காரர் குடியிருப்பும் எழுந்தது. சென்னையின் வண்ணாரப்பேட்டை அப்படி வந்த பெயர். டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658இல் நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தார்கள். 1663 ஜனவரியில் கொச்சியும் அவர்கள் வசமாயிற்று. ஒரே கம்பெனியின் கொடி இருகரையிலும் பறந்தது. ஆட்களை இக்கரையிலிருந்து அக்கரைக்கு அனுப்ப அதிகாரம் இருந்தது; கப்பலும் இருந்தது.

டச்சுக்காரர் வெண்மையின் அருமை தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் நாட்டு ஹார்லெம் நகரம் அக்காலத்தில் லினன் துணி வெளுப்பதற்குப் பேர்போனது. சூடான சாம்பற்காரத்தில் ஊறவைத்தும், மோரில் புளிக்கவைத்தும், புல்வெளியில் மாதக்கணக்கில் வெயிலில் விரித்தும் அங்கே வெளுத்தார்கள். ஒரு கோடை முழுவதும் அதற்குப் போதும் போதாததாக இருக்கும். அவ்வளவு நாள் காத்திருக்கப் பழகிய அவர்களுக்கு, ஓரிரவு ஆவியில் வைத்து மறுநாளே வெள்ளையாக்கித் தரும் தமிழ்ச் சலவைக்காரர் எப்படித் தோன்றியிருப்பார் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கொச்சிக்குத் தமிழ்ச் சலவைக் குடும்பங்களை அழைத்து வந்தவர்கள் டச்சுக்காரர்களே என்பது அச்சமூகத்தாரிடையே வழிவழியாக வரும் செய்தி. படைவீரரின் உடுப்புகளை வெளுப்பதற்காக, 1720ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், முன்னோர் வந்து குடியேறினர் என்கிறார்கள். மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியில், வெளி என்னும் மைதானத்தை ஒட்டிச் சிறு குளங்கள் வெட்டித் துணி துவைத்தார்கள். அந்த இடத்தின் பெயர் நம் காதுக்குத் தமிழாகவே ஒலிக்கிறது. திறந்த இடம் என்பதே மலையாளத்திலும் அதன் பொருள்.

இங்கே ஒரு வினா எழும். கேரளத்தில் சலவைக்காரர் இல்லையா? இருந்தார்கள். நாயர் முதலிய குடிகளுக்கு வெளுத்தேடரும், பிறருக்கு மண்ணார், வண்ணார், வேலர் முதலியோரும் இருந்தனர். ஆனால் அங்கே துணி வெளுப்பது வெறும் அழுக்கு நீக்குவதன்று. பிள்ளை பிறந்தாலும், பெண் பூப்பெய்தினாலும், வீட்டில் சாவு நேர்ந்தாலும், உரிய சலவைக் குடும்பம் கொண்டுவந்து தரும் மாற்று என்னும் துணியை உடுத்தினால்தான் தீட்டு கழியும். இன்னார்க்கு இன்னார் மாற்றுத் தரவேண்டும் என்று குடிமுறை வகுக்கப்பட்டிருந்தது. அந்த வகுப்புக்குள் எங்கிருந்தோ வந்த கம்பெனிப் படைவீரனுக்கு இடம் இல்லை. கூலிக்கு எவர் துணியையும் எடுக்கக்கூடிய, உள்ளூர்க் குடிமுறையால் கட்டுண்ணாத ஆட்கள் கோட்டைக்குத் தேவைப்பட்டார்கள் என்று நாம் கருதுகிறோம். அயலார் ஒருவரை வேலைக்கு அழைத்து வருவதற்கு அவருடைய திறமை மட்டுமே காரணம் ஆவதில்லை என்பதை, வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் நேயர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள்.

வந்தவர்கள் எதை விட்டு வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டு ஊர்களில் சலவைக் குடும்பம் ஊர்க்குடியாக இருந்தது. அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் அளக்கும் தானியமும், மாலையில் வீடு வீடாகச் சென்று பெறும் சோறுமே ஊதியம். துணி எவ்வளவு வந்தாலும் மறுக்க இயலாது. திருக்குறிப்புத் தொண்ட நாயனாரைக் காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளராகப் பாடிப் போற்றிய சமுதாயமே அவருடைய இனத்தாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. திருநெல்வேலிச் சீமையில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார் என்ற பிரிவினர், பகலில் பிறர் கண்ணில் படக்கூடாது என்று விதிக்கப்பட்டு, இரவிலேயே தொழில் செய்ய நேர்ந்தது; இச்செய்தி 1932ஆம் ஆண்டில் பத்திரிகையில் வெளிவந்து நாட்டைத் திடுக்கிடச் செய்தது. இரவெல்லாம் எரியும் வெள்ளாவித் தீ கவிகள் கண்ட காட்சியாக நமக்கு இனிக்கலாம். அதன் அருகே இருந்தவர்களில் சிலருக்கு இரவு ஒன்றே அனுமதிக்கப்பட்ட பொழுது.

கொச்சிக்கு வந்தவர்க்கு இக்கொடுமை முற்றும் நீங்கிற்று என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தானியம் கூலியாக மாறியது. துணிக்கு இவ்வளவு என்று பேசிக் காசு வாங்க முடிந்தது. அது சிறு மாறுதல் அன்று.

டச்சுக்காரர் 1795இல் கோட்டையை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். கோட்டைப் பட்டணம் பின்னர் ஆங்கில ஆட்சியில் மலையாள ஜில்லாவோடு சேர்ந்து சென்னை மாகாணத்தின் பகுதியாயிற்று. பக்கத்திலுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் சீமையாகவே நீடித்தது. ஒரு தெருவைக் கடந்தால் வேறு அரசு! 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் அமைந்தபோதுதான் இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. 1967 நவம்பர் 1இல் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் மூன்றையும் இணைத்துக் கொச்சி மாநகராட்சி தோன்றியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வெளி மைதானத்துத் தமிழர் தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சென்னை அரசாங்கத்தின் எல்லைதான் அவர்களை விட்டு விலகிச் சென்றது. நம்மில் பலர் இரயிலேறி வெளிமாநிலத்தாரானோம். அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே வெளிமாநிலத்தார் ஆனார்கள்.

இஃது இவ்வாறிருக்க, ஐரோப்பாவில் வெளுக்கும் தொழில் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1774இல் ஷீலே என்பவர் குளோரினைக் கண்டறிந்தார். 1785இல் பெர்த்தொலே அதைக் கொண்டு துணி வெளுக்கலாம் என்று காட்டினார். 1799இல் டென்னன்ட் வெளுக்கும் தூளுக்கு உரிமம் பெற்றார். இவற்றிடையே நமக்குச் சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1801இல் பாரிஸில் வெளியான ஒரு நூல், ஷாப்தால் என்னும் வேதியியலறிஞரின் முறைப்படி காரம் தோய்த்த துணியை ஆவியில் வைத்து வெளுப்பதைப் புதிய முறை என்று தலைப்பிலேயே அறிவித்தது. கொச்சிக் குளக்கரையில் நின்று அதைக் கேட்டிருந்தால் நம் சலவைக்காரர் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு விறகைத் தள்ளப் போயிருப்பார்.

விறகுதான் அவருக்கு நித்தியக் கவலை. உலர்ந்த விறகு ஒரு கிலோ முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 3,600 கிலோ கலோரி வெப்பம் தரும். ஆனால் மண் அடுப்பில் ஆறில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சேர்ந்தாலே பெரிது. எஞ்சியது காற்றோடு போகும். மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஒரு கிலோ விறகு கரைகிறது. விறகு ஈரமாக இருந்தாலோ, முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். கொச்சியிலோ ஆண்டில் ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. ஜூன் பிறந்தால் விறகும் நனையும், துணியும் உலராது, கண்ணும் புகையில் சிவக்கும். விடாமழையினால் அடியாரின் துணியை உலர்த்த இயலாமல் திருக்குறிப்புத் தொண்டர் தம் தலையையே கல்லில் மோதிக்கொண்டார் என்னும் பெரியபுராணக் கதையைச் சலவைத் தொழில் அறியாதவர் மிகை என்பார்கள். கொச்சியின் ஆனி ஆடி மாதங்களில் அங்கே தங்கிப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

வெள்ளாவியோடு பிரியாதிருந்த இன்னொன்று சேங்கொட்டைக் குறி. பல வீட்டுத் துணியும் ஒரே கோபுரத்தில் வேகும்போது யாருடையது எது என்று எப்படி அறிவது? சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக ஒரு குறி இட்டு, அதன்மேல் சுண்ணாம்பு வைப்பார்கள். அது காரத்திலும் ஆவியிலும் வெயிலிலும் மங்காது. துணி கிழியும்வரை இருக்கும். எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்கள் தமக்கென வகுத்துக்கொண்ட எழுத்து அது எனலாம். நூறு வீட்டுக் குறியையும் நினைவில் வைத்திருந்தார்கள். அந்தச் சாறு கைபட்டால் கொப்புளம் எழும் என்பதும் உண்மை.

வெள்ளாவி மறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. சலவைச் சோடாவும் வெளுக்கும் தூளும் மலிந்தன. 1959இல் சர்ஃப் தூளும் 1969இல் நிர்மாவும் வந்து, துணி துவைப்பதை வீட்டுக் குளியலறைக்கே கொண்டுபோய்விட்டன. நீலமிடுவதற்கு 1983இல் கேரளத்துத் திருச்சூரிலிருந்தே உஜாலா புறப்பட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி செயற்கை இழை. டெரிலின் சட்டையை ஆவியில் வைத்தால் சுருங்கிக் கசங்கிப்போகும். வைக்கவேண்டிய தேவையும் இல்லை. பருத்தியின் காலம் குறைந்தபோதே வெள்ளாவியின் காலமும் குறைந்தது. புகையும் இரவு விழிப்பும் போனதற்காக நாம் வருந்தவில்லை. அந்த அடுப்பை மூட்டத் தெரிந்தவர்களிடம் அதன் அளவும் பக்குவமும் கேட்டு எழுதிவைக்காமல் விட்டோமே என்பதற்கு வருந்துகிறோம். கோட்டையின் அகலநீளம் எல்லாம் ஏட்டில் இருக்கிறது.

குளங்கள் இருந்த இடத்தில் 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இன்றைய சலவைக் கூடத்தைக் கட்டிக்கொடுத்தது. தோபிக்கானா என்பது அதன் பெயர். வடக்கே வாழும் நேயர்கள் மும்பையில் 1890இல் அமைந்த மகாலட்சுமி தோபி காட்டைப் பார்த்திருப்பார்கள். அங்கே பட்டி என்று வழங்கும் அடுப்பும் நம் வெள்ளாவிக்கு உறவுதான். கொச்சிக் கூடம் அதைவிட மிகச் சிறியது. நீர்த்தொட்டியும் தோய்க்கும் கல்லும் கொண்ட சுமார் 40 தடுப்புகள் வரிசையாக உள்ளன. வண்ணார் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் அவற்றைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்கின்றன. எதிரே திறந்தவெளியில் இரட்டைப் புரியாக முறுக்கிக் கட்டிய கயிறுகள் நீள்கின்றன. துணியின் நுனியைப் புரிகளின் இடையே செருகிவிட்டால் போதும். கடற்காற்று எவ்வளவு வீசினாலும் பறக்காது. கவ்வி ஒன்றுகூடத் தேவையில்லை.

மட்டாஞ்சேரித் தெருக்களில் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் மலையாளமும் கலந்து ஒலிப்பதைக் கேட்டபின் இந்தக் கூடத்துள் நுழைகிறவர் சற்றுத் திகைத்து நிற்பார். கல்லில் துணி அறையும் ஓசைக்கு இடையே கேட்பது தமிழ். மலையாளத்தின் இழுப்பு அதில் ஏறியிருக்கிறது. சில சொற்கள் நம் ஊரில் வழக்கொழிந்தவை. பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். பலர் வேறு வேலை தேடிப் போய்விட்டதால், கூடத்தில் முதியவர்களே மிகுதி. விடுதிகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வரும் விரிப்புகளும் வேட்டிகளுமே அவர்களுக்கு இன்று வேலை.

நாம் அங்கே நின்றபோது முதியவர் ஒருவர் இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியை இட்டு ஊதிக்கொண்டிருந்தார். ஏழெட்டுக் கிலோ எடையுள்ள பெட்டி அது. "அய்யாவுக்கு எந்த ஊரு?" என்று தலை நிமிராமலே கேட்டார். சொன்னோம். அவருடைய ஊர் எது என்று நாமும் கேட்டோம். "இதுதான்" என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, "அதுக்கு முந்தி எதுன்னு எங்க தாத்தாவுக்கும் தெரியாது" என்றார். கஞ்சியிட்டு உலர்ந்த வெள்ளை வேட்டி ஒன்றை மேசைமேல் விரித்துக் கையால் நீர் தெளித்தார். பெட்டி அதன்மேல் நகர்ந்தபோது ஆவி எழுந்தது.